ஆன்லைனில் படித்தால் படிப்பு ஏறுமா?

வேலைக்குப் போய்க்கொண்டே ஒரு பட்டத்தை ஆன்லைனில் படிக்கலாமா, அப்படிப் படித்தால் உண்மையில் படிப்பு ஏறுமா, நேரில் போய்ப் படிக்கிறவர்களுக்குக் கிடைப்பதில் எதெல்லாம் எனக்குக் கிடைக்காமல் போகும் என்று கேட்டிருக்கிறீர்கள். கையில் செல்போன் மட்டும்தான் இருக்கிறது, அதை வைத்துச் சமாளிக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் புள்ளியியல் சொல்லித்தருகிறேன். பல வருடம் வகுப்பறையில் நின்று பாடம் நடத்தியிருக்கிறேன், அப்புறம் தொலைநிலையில் படிப்பவர்களுக்கும் நடத்தி, அவர்களுடைய தாள்களைத் திருத்தியிருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாராளமாகப் படிக்கலாம். ஆனால் நீங்கள் எழுதியதை ஒரு ஆள் உட்கார்ந்து படித்து, எங்கே தப்பு என்று குறித்துத் திருப்பி அனுப்புகிற படிப்பாகப் பார்த்துச் சேருங்கள். அது இருந்தால் தூரம் பெரிய குறையே இல்லை. அது இல்லையென்றால் எத்தனை அழகான வீடியோ இருந்தாலும் பாதி வழியில் நின்றுவிடும் வாய்ப்புதான் அதிகம்.

இது என் அனுபவம் மட்டும் அல்ல, இந்தக் கல்வி முறை தொடங்கிய விதமே அப்படித்தான். 1840-இல் பிரிட்டனில், நாட்டுக்குள் எவ்வளவு தூரமானாலும் ஒரே குறைந்த கட்டணத்தில் கடிதம் அனுப்பலாம் என்ற தபால் முறை வந்தது. சுருக்கெழுத்து முறை ஒன்றை உருவாக்கிய ஐசக் பிட்மன் அதைப் பயன்படுத்திச் சுருக்கெழுத்தைத் தபாலிலேயே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். பாடத்தை அனுப்புவது அதில் சின்ன வேலை, புத்தகமாக அச்சடித்து விற்றிருந்தாலும் அது போய்ச் சேர்ந்திருக்கும். மாணவர் தன் கையால் சுருக்கெழுத்தில் எழுதி அனுப்புவார், அது திருத்தப்பட்டு மறுபடி அவர் கைக்கு வரும். அந்தத் திரும்பி வரும் தாளுக்காகத்தான் அவர்கள் காத்திருந்தார்கள்.

அதற்கு நேர்மாறான வழியும் ஒன்று இருந்தது. 1858-இல் லண்டன் பல்கலைக்கழகம், எங்கே படித்திருந்தாலும் சரி, தானாகவே படித்திருந்தாலும் சரி, வந்து தேர்வு எழுதிப் பட்டம் வாங்கிக்கொள்ளலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. பாடம் நடத்தும் பொறுப்பு அதற்கு இல்லை, தேர்வு வைப்பதுதான் அதன் வேலை. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். நெல்சன் மண்டேலா சிறைக்குள் இருந்துகொண்டு அந்தப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பாடங்களைத்தான் படித்துக்கொண்டிருந்தார். பிறகு 1989-இல், சிறையில் இருந்தபடியே, தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்பு வழியாகச் சட்டப் பட்டம் பெற்றார். வீட்டைவிட்டு வர முடியாதவர், வேலையை விட முடியாதவர், உடம்பு ஒத்துழைக்காதவர், இவர்கள் எல்லோருக்கும் படிப்பு தேடி வரும் என்பது சாதாரண விஷயம் அல்ல. ஆனால் அப்படித் தனியாகப் படித்து முடிக்க எவ்வளவு மன உறுதி வேண்டியிருக்கும் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

இந்த இரண்டு வழிகளில் முதல் வழியைப் பெரிய அளவில் செய்து காட்டியது பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 1969-இல் நிறுவப்பட்டு 1971-இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. முன்னால் என்ன படித்தாய் என்று கேட்காமலேயே சேர்த்துக்கொண்டார்கள். பாடங்கள் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் வந்ததைத்தான் எல்லோரும் பெரிதாகப் பேசுவார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பயிற்றாசிரியரை ஒதுக்கினார்கள், அவர் ஒப்படைப்புகளை வரிவரியாகத் திருத்தி அனுப்பினார். அறிவியல் மாணவர்களுக்குச் சோதனைக் கருவிகளைப் பெட்டியில் வைத்து வீட்டுக்கே அனுப்பினார்கள், கோடையில் ஒரு வாரம் நேரில் வரவழைத்துத் தங்கவைத்தார்கள். ஒளிபரப்பு மட்டும் போதாது என்று அவர்களுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

சரி, நன்மைகளுக்கு வருவோம். நேரமும் பயணமும் மிச்சம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதில் சொல்ல அதிகம் இல்லை. நான் உண்மையாகவே மதிக்கும் நன்மை, பாடத்தை நிறுத்திவைத்துக் கேட்கலாம் என்பது. வகுப்பறையில் நான் ஒரு சமன்பாட்டை விளக்கும்போது பத்து பேருக்கு உடனே புரியும், இருபது பேருக்கு இன்னும் இரண்டு நிமிடம் தேவைப்படும், அந்த இரண்டு நிமிடத்தை நான் தர முடியாது, அடுத்த வரிக்குப் போய்விடுவேன். ரெக்கார்டிங்கில் அந்த இரண்டு நிமிடம் மாணவர் கையில் இருக்கிறது. காது சரியாகக் கேட்காதவருக்கு வசனம் திரையில் வருகிறது. பாடம் நடக்கும் மொழியில் இன்னும் தடுமாறுகிறவர் ஒரு வாக்கியத்தை நாலு தடவை கேட்கலாம், யாரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. இன்னொன்று, தயக்கம். நாற்பது பேர் முன்னால் வாயே திறக்காதவர்கள் எழுத்தில் கேட்பார்கள். நான் வாங்கிய மிகக் கூர்மையான கேள்விகளில் பல அப்படி வந்தவைதான்.

அப்படி வந்த ஒரு கேள்வியைச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நன்மையும் தீமையும் ஒன்றாகவே இருந்தன. எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று அளக்கும் திட்ட விலக்கம் பற்றிய பாடம். வேலை முடிந்து இரவில் படிக்கும் ஒரு பெண் எனக்கு எழுதியிருந்தார்: “சார், ஒவ்வொரு எண்ணும் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்த்து, எல்லாவற்றையும் கூட்டினேன். பூஜ்யம் வருகிறது. மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டேன், எங்கே தப்பு செய்கிறேன் என்று தெரியவில்லை.” கூடவே நோட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். அழித்து அழித்து எழுதியதில் தாளே கிழிந்திருந்தது.

அவர் தப்பே செய்யவில்லை. 4, 7, 10 என்ற மூன்று எண்களை எடுத்துக்கொள்ளுங்கள், சராசரி 7, விலக்கங்கள் −3, 0, +3, கூட்டினால் பூஜ்யம். எந்த எண்களை எடுத்தாலும் இதுதான் வரும், அதனால்தான் வர்க்கப்படுத்திவிட்டுக் கூட்டுகிறோம். இதை நான் வீடியோவில் ஒரே வாக்கியத்தில் சொல்லியிருந்தேன், அவர் அந்த வாக்கியத்தைக் கடந்து போயிருந்தார். தானாகப் போட்டுப் பார்த்து முட்டிக்கொண்டபோதுதான் அந்தக் கேள்வி அவருடைய கேள்வியாக ஆனது. வகுப்பில் என்றால் இதைக் கேட்டிருக்கவே மாட்டேன் என்று பிறகு சொன்னார். அது நன்மை. ஆனால் அவர் எழுதியது ஞாயிற்றுக்கிழமை, நான் பார்த்தது புதன்கிழமை. அந்த மூன்று நாளும் அவர் அடுத்த பாடத்தைத் தொடவில்லை, தனக்குக் கணக்கு வராது என்றே முடிவு கட்டியிருந்தார். வகுப்பறையில் அவர் பக்கமாக நடந்து போயிருந்தால் நோட்டைப் பார்த்த பத்து நொடியில் தீர்ந்திருக்கும். எனக்கு இன்றுவரை அந்த மூன்று நாள் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த கேள்விகளுக்கு ஒரே நாளில் பதில் எழுதுவது என்று வைத்துக்கொண்டேன்.

நேரலை வகுப்பு இதைத் தீர்த்துவிடும் என்று நினைப்பீர்கள். ஓரளவுக்குத்தான். முப்பது பேர் சேர்ந்திருப்பார்கள், முப்பது கறுப்புக் கட்டம், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். “புரிந்ததா?” என்று கேட்டால் அமைதி. கொஞ்ச நேரம் கழித்து சாட்டில் ஒருவர் “புரிந்தது சார்” என்று போடுவார், உடனே வரிசையாக ஏழெட்டுப் பேர் அதையே போடுவார்கள். நேரில் என்றால் புருவம் சுருங்குவதும், பக்கத்தில் இருப்பவர் நோட்டை எட்டிப் பார்ப்பதும், பேனா நின்றுபோவதும் என் கண்ணில் படும், நான் அங்கேயே நிறுத்திவிடுவேன். கறுப்புக் கட்டம் ஒன்றும் சொல்லாது. மாணவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை, பலருக்கு வீட்டில் தனி அறை கிடையாது, கேமராவைத் திறந்தால் பின்னால் குடும்பமே தெரியும். அதோடு, இயல்பான பேச்சில் ஒருவர் முடித்ததும் அடுத்தவர் தொடங்குவதற்குச் சராசரியாக ஏறக்குறைய 0.2 நொடிதான் ஆகும் என்று பல மொழிகளை ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். இணைய இணைப்பில் குரல் வந்து சேரும் தாமதமே சில சமயம் அதைவிட அதிகம். அதனால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசி, இரண்டு பேரும் நிறுத்தி, “நீங்கள் சொல்லுங்கள்” என்று மாறி மாறிச் சொல்லி, கடைசியில் கேள்வியே தொலைந்துபோகும்.

அடுத்தது, புரிந்துவிட்டது என்ற பொய்யான நிம்மதி. இதுதான் என் கணக்கில் வீடியோ படிப்பின் மிகப் பெரிய ஆபத்து. நன்றாக விளக்கும் ஒருவரைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது எல்லாம் தெளிவாகத்தான் இருக்கும். வீடியோவை மூடிவிட்டு வெற்றுத்தாளை எடுத்தால் கை நகராது. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த சோதனை ஒன்று உண்டு. ஒரு குழு ஒரு பாடப்பகுதியை மறுபடியும் படித்தது, இன்னொரு குழு அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்கள் தெளிவாக முந்திவிட்டார்கள். அந்தப் பெண் வீடியோவை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருந்தால் பூஜ்யம் வருவதே அவருக்குத் தெரிந்திருக்காது. அதனால் ஒரே வீடியோவை மூன்றாம் தடவை பார்ப்பதற்குப் பதிலாக, முதல் தடவை பார்த்ததுமே மூடிவைத்துவிட்டுத் தாளில் எழுதிப் பாருங்கள். நீளமான வீடியோவும் வேண்டாம். எட்எக்ஸ் என்ற இணையவழிப் படிப்புத் தளத்தில் மாணவர்கள் வீடியோ பார்க்கும் விதத்தை ஆராய்ந்து 2014-இல் வெளிவந்த ஆய்வில், ஆறு நிமிடத்துக்குள் முடியும் வீடியோக்களில்தான் கவனம் நிலைத்தது என்று கண்டார்கள். ஒரு மணி நேர விரிவுரையை அப்படியே படம்பிடித்துப் போட்டிருக்கும் படிப்பைப் பார்த்தால், இணையத்துக்காக யாரும் அதில் உழைக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

பாதியில் விடுவதைப் பற்றி. 2011-இல் ஸ்டான்ஃபோர்டில் செபாஸ்டியன் த்ரனும் பீட்டர் நார்விக்கும் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்தார்கள். சுமார் 1,60,000 பேர் சேர்ந்தார்கள், முடித்தவர்கள் இருபதாயிரத்துச் சொச்சம். அதுவே நல்ல விகிதம் என்று பின்னால் தெரிந்தது. ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸில் நடத்திய திறந்த படிப்புகளை ஆராய்ந்து 2019-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த கட்டுரையின்படி, 2017-18-இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3 சதவீதம் அளவுக்குத்தான். பணம் கட்டிச் சான்றிதழுக்காகப் பதிவு செய்தவர்களில் மட்டும் கிட்டத்தட்டப் பாதிப் பேர் முடித்திருந்தார்கள். இதைப் பார்த்து ஆன்லைன் படிப்பே வீண் என்று சொல்கிறவர்கள் உண்டு, அது சரியில்லை. சும்மா எட்டிப் பார்க்க வந்தவர்களும், ஒரு அத்தியாயம் போதும் என்று வந்தவர்களும் அந்த எண்ணிக்கையில் இருக்கிறார்கள். ஆனால் ஒன்று நிச்சயம், நீங்கள் வராமல் போனால் அந்தப் படிப்பில் யாரும் கவனிக்கப்போவதில்லை. வகுப்பில் இரண்டு நாள் வராவிட்டால் பக்கத்து இருக்கைக்காரராவது “என்ன ஆச்சு?” என்று கேட்பார். அந்த ஒரு கேள்வி எத்தனை பேரைப் படிப்பில் பிடித்துவைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அதனால் அந்த ஆளை நீங்களே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். சேர்ந்த முதல் வாரத்திலேயே கூடப் படிக்கும் இரண்டு மூன்று பேரைப் பிடியுங்கள். வாரம் ஒரு நாள் பேசுங்கள், ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்கட்டும். முப்பது பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழு இதற்கு உதவாது, அதில் கடைசி தேதி எப்போது என்ற கேள்வியும் விடைகளின் படங்களும்தான் ஓடும்.

வீட்டு விஷயமும் இருக்கிறது, இதை யாரும் முன்கூட்டியே சொல்லுவதில்லை. கல்லூரிக்குக் கிளம்பிப் போகிறவர் படிக்கப் போகிறார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் திரை முன்னால் உட்கார்ந்திருப்பவர் சும்மா இருக்கிறார் என்றுதான் நினைப்பார்கள். “ஒரு நிமிஷம் வந்துட்டுப் போ” என்று கூப்பிடுவார்கள், அந்த ஒரு நிமிடம் அரை மணி நேரமாகும். பெண்களுக்கு இது இரண்டு மடங்கு. சேருவதற்கு முன்பே வீட்டில் உட்காரவைத்துப் பேசுங்கள், இந்தக் கிழமை இந்த நேரம் நான் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லுங்கள். அந்த நேரத்தில் முடிந்தால் வீட்டைவிட்டு ஒரு நூலகத்துக்குப் போய்விடுங்கள்.

கைவேலை உள்ள படிப்பா என்றும் பாருங்கள். வேதியியலில் ஒரு கரைசலைத் துளித்துளியாக விட்டு இன்னொன்றின் அளவைக் கண்டுபிடிக்கும் தரம் பார்த்தல் இருக்கிறதே, பியூரெட் என்ற அளவுக் குழாயின் திருகை எவ்வளவு மெதுவாகத் திறக்க வேண்டும், எந்தத் துளியில் நிறம் மாறி இளஞ்சிவப்பாக நிற்கிறது என்பதெல்லாம் விரல்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அந்தத் துளியைத் தாண்டி விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து செய்யும்போதுதான் படிப்பு வருகிறது. வீடியோவில் எல்லாம் முதல் தடவையிலேயே சரியாக நடந்துவிடும். ஆய்வகம், நோயாளி, இயந்திரம் என்று தொட்டுச் செய்ய வேண்டிய படிப்பு என்றால், நேரில் வரவழைத்துச் செய்யவைக்கும் நாட்கள் எத்தனை என்று கேளுங்கள். பூஜ்யம் என்றால் சேராதீர்கள். கணினி நிரல், கணக்கு, சட்டம், வரலாறு, மொழி, கணக்கியல் போன்றவற்றுக்கு இந்தக் கவலை அதிகம் இல்லை.

தேர்வு விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது. கேட்டால் கட்டுரையையே எழுதித் தரும் சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்த பிறகு, வீட்டில் இருந்து எழுதி அனுப்பும் ஒப்படைப்பை மட்டும் வைத்து மதிப்பெண் போடும் படிப்பின் பட்டத்தை வேலை தருகிறவர்கள் நம்புவது குறையும். கேமராவை வைத்துக் கண்காணிக்கும் தேர்வுகளும் எனக்குப் பிடிக்கவில்லை, யோசிப்பதற்காகக் கண்ணை வேறு பக்கம் திருப்பியவரையும் அது சந்தேகப் பட்டியலில் போட்டுவிடுகிறது. ஒரு மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வோ, ஆசிரியர் பத்து நிமிடம் நேருக்கு நேர் கேள்வி கேட்கும் வாய்மொழித் தேர்வோ இருந்தால், அது தொந்தரவாகத் தோன்றினாலும் உங்கள் பட்டத்துக்குத்தான் மதிப்பு. அங்கீகாரம் பற்றிச் சுருக்கமாக: நிறுவனம் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். நீங்கள் எந்த நாட்டில், எந்தத் துறையில் வேலை பார்க்கப்போகிறீர்களோ அங்கே அதை முடிவு செய்யும் அமைப்பின் பட்டியலை நீங்களே திறந்து பாருங்கள். நிறுவனத்தின் பெயர் மட்டும் பட்டியலில் இருந்தால் போதாது, நீங்கள் சேரும் படிப்பும், அதைத் தொலைநிலையில் நடத்த அனுமதியும் இருக்க வேண்டும்.

சிலர் 2020-இல் கொரோனா காலத்து அனுபவத்தை வைத்து, “ஆன்லைன் கிளாஸ் எப்படி இருந்தது என்று பார்த்தோமே” என்பார்கள். யுனெஸ்கோ கணக்குப்படி அப்போது உலகம் முழுக்க 160 கோடி மாணவர்கள் வகுப்பறையை இழந்தார்கள். அது ஒரே இரவில் வகுப்பறையைத் தூக்கித் திரைக்குள் வைத்த அவசர ஏற்பாடு, யோசித்துக் கட்டிய தொலைநிலைக் கல்வி அல்ல. அதோடு, 3 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 130 கோடிப் பேர் வீட்டில் இணையமே இல்லை என்று அதே ஆண்டு யுனிசெஃப் அறிக்கை சொன்னது. சின்னப் பிள்ளைகளைத் திரைமுன் உட்காரவைத்துப் படிக்கச் சொல்வதை நான் இன்றும் ஆதரிக்க மாட்டேன், அவர்களுக்குப் பள்ளி என்றால் விளையாட்டும் சண்டையும் சிநேகமும் சேர்ந்ததுதான். உங்கள் விஷயம் வேறு. நீங்கள் ஏற்கெனவே படிக்கக் கற்றுக்கொண்டவர், எதற்காகப் படிக்கிறோம் என்று தெரிந்து வருகிறவர்.

பணம் கட்டுவதற்கு முன் நிறுவனத்தை அழைத்து ஒன்று கேளுங்கள்: போன வருடம் ஒரு மாணவருக்குத் திருத்தி அனுப்பிய ஒப்படைப்பு ஒன்றை, பெயரை மறைத்துவிட்டு எனக்குக் காட்ட முடியுமா? அதன் ஓரத்தில் “இந்தப் படி ஏன்?”, “இங்கே காரணம் சொல்லவில்லை” என்பது மாதிரி யாராவது கையால் குறித்திருந்தால் நம்பிச் சேருங்கள். வெறும் மதிப்பெண்ணும் “நன்று” என்ற ஒரு சொல்லும் இருந்தால் யோசியுங்கள். காட்டவே முடியாது என்றால் வேறு இடம் தேடுங்கள். ஒரு பயிற்றாசிரியருக்கு எத்தனை மாணவர்கள், கேள்வி அனுப்பினால் எத்தனை நாளில் பதில் வரும் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

இனி செல்போன். பார்ப்பதற்கும் கேட்பதற்கும் அது போதும். எழுதுவதற்குப் போதாது. வீடியோவை இணைப்பு நன்றாக இருக்கும் நேரத்தில் இறக்கி வைத்துக்கொண்டால் பயணத்திலும் பார்க்கலாம், பாதியில் சுற்றிக்கொண்டு நிற்காது. கணக்கு, குறிப்பு எல்லாவற்றுக்கும் தாளும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள், செய்ததைப் படம் எடுத்து அனுப்பலாம், அந்தப் பெண் செய்தது போல. ஆனால் நாலு பக்கக் கட்டுரையைக் கட்டைவிரலால் தட்டி எழுதினால், முதல் பத்தியில் என்ன சொன்னோம் என்பது மூன்றாவது பத்தி வருவதற்குள் மறந்துபோகும், திரையில் ஒரு பத்திதான் தெரியும் என்பதால். தேர்வு மென்பொருள் பலவும் செல்போனில் ஓடாது, இதையும் முன்பே விசாரித்துவிடுங்கள். வாரத்துக்கு நாலைந்து மணி நேரம் ஒரு கணினி கிடைத்தால் போதும், நூலகத்திலோ நண்பர் வீட்டிலோ, பழையதானாலும் பரவாயில்லை. அதற்கு வழி செய்துகொண்டு சேருங்கள்.